நரிக்கும் நரைக்கும் உறவு உண்டா?

“ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒருபிடி நரைமயிர்” என்ற நாக்கைத் தடுக்க வைக்கும் வாக்கியத்தை மகள் சொல்லிப் பழகுகிறாள், நரியிலிருந்துதான் நரை வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். கன்னடத்திலும் நரி, நரெ என்று இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

பொருள் எளிது: ஓடும் கூட்டத்தில் ஒன்று கிழடு, அதன் முதுகில் ஒரு கைப்பிடி அளவு நரைத்த மயிர். இங்கே ‘கிழ’ என்பது முதுமைதான்; ஆனால் கிழவன் என்றால் பழைய இலக்கியத்தில் உரியவன், தலைவன். நிலக்கிழார் என்பதில் அது இன்னும் மிச்சமிருக்கிறது.

மயிர் என்று சொல்லக் கூசி முடி என்று மாற்றச் சொல்லாதீர்கள். வள்ளுவரே ‘தலையின் இழிந்த மயிரனையர்’ என்கிறார். அது வசவானது பிற்பாடு. அதோடு ‘நரைமயிர்’ போனால் பாதிச் சிக்கலும் போய்விடும்!

அப்புறம், நாக்கு ஏன் தடுக்குகிறது என்றால், ரகரமும் ழகரமும் நுனிநாக்கு வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று தொல்காப்பியம் இரண்டையும் ஒரே சூத்திரத்தில் வைக்கிறது. இதில் ‘ஒரு நரி கிழநரி’ என்று ர, ர, ழ, ர அடுத்தடுத்து வருகிறது. முதலில் ‘கிழநரி’யை மட்டும் மெதுவாகச் சொல்ல வையுங்கள்.