வாசகர் கேள்வி: ‘நீங்க யாரோட ஆள்?’ என்று கேட்கிறார்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். நடுத்தர நகரம் ஒன்றின் உள்ளாட்சியில் தலைமை நிர்வாக அலுவலராகப் பொறுப்பேற்று எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு முழுக்க நிதிப் பிரிவு. கணக்கும் கோப்பும்தான் என் உலகம். இங்கே மன்றத் தலைவர் என்னை அடிக்கடி அழைத்துப் பேசுவதால், ‘நீங்க தலைவரோட ஆள்’ என்கிறார்கள் எதிர்த்தரப்பு உறுப்பினர்கள். அவர்கள் கேட்ட ஒரு விவரத்தைக் கொடுத்ததற்கு, ‘எனக்குத் தெரியாம எதுக்குக் கொடுத்தீங்க?’ என்று தலைவர் கோபித்துக்கொண்டார். போன மாதம் குப்பை தரம் பிரிக்கும் கூடம் பற்றி மக்களுக்கு விளக்கக் கூட்டம் நடத்தினோம். திரையில் படம் போட்டு எல்லாவற்றையும் சொன்னோம். ஓர் அம்மா எழுந்து, ‘லாரி எந்தத் தெரு வழியா வரும்?’ என்று கேட்டார். ‘அதெல்லாம் திட்ட அறிக்கையில இருக்கு’ என்றார் எங்கள் பொறியாளர். அதோடு ஒரே கூச்சல். பாதியிலேயே முடித்துக்கொண்டு வந்துவிட்டோம். விதிப்படி என் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறேன். இதற்கு மேல் உறவு வளர்க்கிறேன் என்று இறங்கினால் அரசியலில் கால் வைத்தது போல ஆகிவிடாதா? தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதற்குப் போகலாமா என்பதுகூடத் தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆகாது அம்மா. ஒரு கட்சிக்காக வேலை செய்தால்தான் அரசியலில் கால் வைத்ததாக ஆகும். மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களோடு பேசிப் பழகுவதும், அவர்கள் நல்ல முடிவெடுக்க வேண்டியதை எடுத்துக் கொடுப்பதும் உங்கள் வேலையில் சரிபாதி. நிதிப் பிரிவில் இருந்தவரை அந்தப் பாதியை உங்களுக்கு மேலே இருந்தவர் பார்த்துக்கொண்டார். இப்போது அது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது.

உங்கள் தயக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான உட்ரோ வில்சன், 1887-இல் எழுதிய கட்டுரையில், நிர்வாகம் அரசியலின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1908-இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் நகரம், நகரத்தைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஒரு மேலாளரை அமர்த்தியது. 1913 மார்ச்சில் வெள்ளம் புகுந்து ஒஹாயோவின் டேட்டன் நகரத்தைப் புரட்டிப்போட்டது. மறு வருடமே அந்த நகரமும் இந்த முறைக்கு மாறியது. அதே 1914-இல் நகர மேலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1924-இல் நெறிமுறைகளை எழுதி வைத்தார்கள். மன்றம் முடிவெடுக்கும், மேலாளர் செய்து முடிப்பார், நடுவே ஒரு சுவர் என்பதுதான் அந்தக் காலத்து எண்ணம்.

நடைமுறையில் அந்தச் சுவர் நேராக நிற்பதில்லை. ஜேம்ஸ் ஸ்வாரா என்ற பொது நிர்வாக அறிஞர் 1985-இல் இதை நாலு அடுக்காகப் பிரித்துக் காட்டினார். ஊர் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது முதல் அடுக்கு. அதில் மன்றத்தின் கைதான் ஓங்கியிருக்கும். அலுவலகத்தை அன்றாடம் நடத்துவது கடைசி அடுக்கு. அது பெரும்பாலும் மேலாளருடையது. நடுவில் இருக்கும் கொள்கையும் அதைச் செயல்படுத்துவதும் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டிய அடுக்குகள். உங்களுக்கு வந்திருக்கும் சங்கடம் முழுவதும் இந்த நடு அடுக்குகளில் நடப்பது. சேர்ந்து இழுக்க வேண்டிய இடத்தில் ஒருவரை ஒருவர் தெரியாமல் எப்படி இழுப்பது?

உங்களை மன்றமே அமர்த்தியதா, மேலிருந்து அரசாங்கம் அனுப்பியதா என்று நீங்கள் எழுதவில்லை. மன்றம் அமர்த்தியிருந்தால் பெரும்பான்மை மாறும்போது உங்கள் வேலைக்கே ஆபத்து வரலாம். அரசு அனுப்பியிருந்தால், ‘இவங்க எப்படியும் மாற்றலாகிப் போயிடுவாங்க’ என்ற எண்ணம் உறுப்பினர்களுக்கு இருக்கும். இரண்டிலும் நான் சொல்வது ஒன்றுதான்: மன்றத்தில் உள்ள ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் தரப்பிலிருந்து வரும் எதுவும் யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது.

எதிர்த்தரப்பு உறுப்பினர் கேட்ட விவரத்தைக் கொடுத்தீர்களே, கொடுத்தது சரி. அவருக்கு மட்டும் கொடுத்ததில்தான் சிக்கல். கேள்வி இன்னார் கேட்டது, பதில் இது என்று அன்றைக்கே தலைவர் உட்பட எல்லா உறுப்பினருக்கும் ஒரே கடிதமாகப் போயிருந்தால், தலைவர் கோபித்துக்கொள்ள இடமே இல்லை. அதே போல, தலைவர் உங்களை அழைத்து ஒரு திட்டத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டாரா? ‘இதே விளக்கம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம்’ என்று மற்றவர்களுக்கும் தகவல் அனுப்புங்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள். பரவாயில்லை, கதவு திறந்திருப்பது தெரிந்தால் போதும். ஆனால் இதைத் தொடங்கும் முன் தலைவரிடம் நேரில் போய், இனி இப்படித்தான் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முதலில் முகம் சுளிப்பார். ‘எதிர்த்தரப்பிலிருந்து வருகிற கேள்வியும் அன்றைக்கே உங்கள் கைக்கு வந்துவிடும்’ என்று எடுத்துச் சொன்னால் அவருக்கும் லாபம் புரியும்.

அடுத்தது, ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியே அவரவர் வார்டிலேயே போய்ப் பாருங்கள். ‘உங்கள் பதவிக்காலம் முடிவதற்குள் இந்த வார்டில் எதைப் பார்த்துவிட வேண்டும்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவரோடு தெருவில் நடங்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் இரண்டு பேர் அவரை நிறுத்தி, சாக்கடை அடைப்பையோ எரியாத விளக்கையோ சொல்வார்கள். உங்கள் அலுவலகத்தில் அது ஒரு மனு எண். அவருக்கோ, விடிந்ததும் வாசலில் வந்து நிற்கிற மனிதர். உறுப்பினர்கள் உங்கள் ஊழியர்களை நேரடியாகப் பிடித்து வேலை வாங்குவதாகப் பல நிர்வாகிகள் குறைப்படுவார்கள். அதில் பெரும்பகுதி இந்த வாசல் நெருக்கடியிலிருந்துதான் வருகிறது. விவரம் கேட்பதென்றால் எந்த ஊழியரையும் கேட்கலாம், வேலை சொல்வதென்றால் உங்கள் வழியாக என்று ஒரு வரையறை வையுங்கள். வைத்த கையோடு, சொன்ன வேலை என்ன ஆயிற்று என்று அவருக்குக் குறித்த நாளில் பதில் போகவும் ஏற்பாடு செய்யுங்கள். ‘இந்த வருடம் இதற்குப் பணம் இல்லை’ என்பதும் பதில்தான். அதை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பவருக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்வார். பதிலே வராவிட்டால் நேராக மேஸ்திரியைத்தான் தேடிப் போவார்.

மன்றக் கூட்டத்துக்கு நீங்கள் வைக்கும் குறிப்பில் செய்யக்கூடிய வழிகளை எல்லாம் எழுதுங்கள்: எதற்கு எவ்வளவு செலவு, யாருக்கு என்ன கஷ்டம், நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள், ஏன். உங்களுக்குப் பிடிக்காத வழியையும் அதை ஆதரிப்பவர் எழுதினால் எப்படி எழுதுவாரோ அப்படி எழுதுங்கள். படிக்க அவகாசம் இருக்கும்படி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

சில நேரம் உங்கள் பரிந்துரை தோற்கும். உறுப்பினர்கள் உங்களைக் கூர்ந்து கவனிப்பது அப்போதுதான். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன திட்டத்தை மன்றம் நிறைவேற்றிவிட்டது என்று வையுங்கள். மறுநாள் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? சந்தேகம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, நிதிப் பிரிவுக்கும் பொறியியல் பிரிவுக்கும் நடுவே வாரக்கணக்கில் அலைகிறதா? இல்லை, உங்கள் சொந்தத் திட்டத்துக்குப் போடுகிற அதே வேகத்தில் கையெழுத்தாகி டெண்டருக்குப் போகிறதா? எட்டு மாதம் சிரித்துப் பேசி வருகிற நல்ல பெயரைவிட, தோற்ற தீர்மானத்தின் கோப்பு நகர்ந்த வேகத்தில் வருகிற பெயர் பெரிது. எதிர்த்தரப்புத் தீர்மானம் ஒன்று தப்பித் தவறி நிறைவேறினாலும் இதே அளவுகோல்தான்.

சட்டத்துக்குப் புறம்பானதைச் செய்யச் சொன்னால்? முடியாது என்பதைச் சீக்கிரமே நேரில், தனியாக, நீங்களே சொல்லுங்கள். உதவியாளரை விட்டுச் சொல்லாதீர்கள். பத்துப் பேர் முன்னால் சொல்லாதீர்கள். எந்த விதி தடுக்கிறது என்பதை எடுத்துக் காட்டுங்கள். அவர் உண்மையில் எதை அடைய நினைக்கிறார் என்று கேளுங்கள். பல சமயம் அதே இடத்துக்கு முறையான வழி ஒன்று இருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது. வழியே இல்லையென்றால் இல்லைதான். பேசியதை அன்றைக்கே கோப்பில் குறித்து வையுங்கள்.

இனி அந்தக் குப்பைக் கூடக் கூட்டம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்த லாரிக் கேள்விதான். அவர் திட்டத்தை எதிர்க்கவில்லை, கவனித்தீர்களா? லாரி வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, எந்தத் தெரு வழியாக என்றுதான் கேட்டார். அன்றைய கூட்டத்தில் உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி அது. பதிலுக்கு அறிக்கையைக் காட்டியதும், ‘எல்லாம் முடிவாயிடுச்சு, நம்மளைச் சும்மா உட்கார வெச்சிருக்காங்க’ என்று அங்கிருந்த அத்தனை பேரும் நினைத்திருப்பார்கள்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969-இல், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு மக்களைத் தலையாட்ட வைப்பது அடிப்படி. மக்களே முடிவெடுப்பது உச்சிப் படி. தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுவில்தான் வருகின்றன. எல்லா விஷயத்திலும் உச்சிப் படிக்குப் போக உங்களால் முடியாது. ஆனால் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடலாம். இடத்தை மன்றம் முடிவு செய்துவிட்டதென்றால், ‘இடம் முடிவாகிவிட்டது. லாரி வரும் வழி, நேரம், சுற்றுச்சுவர், நாற்றத்துக்கு என்ன ஏற்பாடு, இவை இன்னும் முடிவாகவில்லை. இதற்குத்தான் வந்திருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். இடத்துக்காகத் திட்டுவார்கள். திட்டட்டும், கேட்டுக்கொள்ளுங்கள். முடிவானதைத் திறந்திருப்பதாகக் காட்டினால் அடுத்த கூட்டத்துக்கு ஆளே வராது.

இந்த வாரமே அந்தத் தெருவுக்குப் போங்கள். மேடையும் திரையும் வேண்டாம். தெருக்களின் பெயர் தெளிவாகத் தெரியும் ஒரு பெரிய வரைபடம், இரண்டு வண்ணப் பேனா, லாரிகளை அனுப்பும் மேற்பார்வையாளர், அந்தப் பொறியாளர், இவை போதும். கேள்வி கேட்ட அம்மாவைத் தேடிப் பிடியுங்கள். ‘சாத்தியமான வழி இரண்டு இருக்கிறது, பாருங்கள்’ என்று விரித்துக் காட்டுங்கள். பள்ளிக்கூடம் விடும் நேரம், எப்போதும் வண்டி சிக்கும் வளைவு என்று உங்கள் அறிக்கையில் இல்லாத சிலவற்றை அவர்கள் சொல்வார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், படியேற முடியாதவர்கள் மாலைக் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் நீங்கள்தான் போக வேண்டும். சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுதி அதே தெருவில் ஒட்டுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989-இல் நகர வரவு செலவுத் திட்டத்தை மக்களோடு உட்கார்ந்து போடத் தொடங்கினார்கள். போன வருடம் ஒத்துக்கொண்ட வேலைகள் என்ன ஆயின என்ற கணக்கோடுதான் ஒவ்வொரு வருடமும் பேச்சு ஆரம்பித்தது. உலகத்தின் பல நகரங்கள் பிறகு அந்த முறையை எடுத்துக்கொண்டன. நம்மில் பெரும்பாலோர் விட்டுவிடுவது அந்தக் கணக்கு ஒப்பிக்கும் வேலையைத்தான்.

அங்கே தனியாகப் போகாதீர்கள். அந்த வார்டு உறுப்பினர் எந்தத் தரப்பாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். மக்களிடம் நேரடியாகப் பெயர் வாங்கும் அதிகாரியைப் பார்த்தால் உறுப்பினருக்குப் பயம் வருவது இயல்பு. ஓட்டுக் கேட்டு மறுபடி அந்தத் தெருவுக்குப் போக வேண்டியவர் அவர். நல்ல செய்தி இருந்தால் அவரே சொல்லட்டும். கெட்ட செய்தியை நீங்கள் சொல்லுங்கள்.

எல்லை எது என்று கேட்டீர்கள். பிரிட்டனில் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சியின் உயர் அலுவலர்கள் கட்சி வேலை செய்வதையே தடுத்துவிட்டது. நகர மேலாளர் சங்கத்தின் நெறிமுறையும் தங்களை வேலைக்கு வைத்திருக்கும் மன்றத்தின் தேர்தலில் தலையிடக் கூடாது என்கிறது. உங்கள் ஊரில் எழுதிய விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைப் பின்பற்றுங்கள். தேர்தல் நெருங்கும்போது எந்த வேட்பாளர் விவரம் கேட்டாலும் எல்லா வேட்பாளருக்கும் ஒரே விவரம் போக வேண்டும்.

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போங்கள். மணமக்களை வாழ்த்திவிட்டு, கட்சிக்காரர்கள் சூழ்ந்து படம் எடுக்கும் இடத்தில் நிற்காமல் கிளம்பிவிடுங்கள். எதிர்த்தரப்பு உறுப்பினர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அதற்கும் போங்கள். அழைப்பிதழில் கட்சிப் பெயரோ கொடியோ இருந்தால் மட்டும், வாழ்த்துக் கடிதம் அனுப்பிவிட்டு இருந்துவிடுங்கள். ஏன் வரவில்லை என்பதை முன்னாடியே தலைவரிடம் சொல்லிவிடுங்கள்.