கேள்வி – பதில்: முதியோர் இல்லத்தில் இருக்கும் பெற்றோர்

என் அம்மாவுக்கு 78 வயது. ஏற்காட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு போய்ப் பார்ப்பேன். போன தடவை இரண்டு கையிலும் நீலமாகக் கன்றியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றார்கள். அம்மா வாயே திறக்கவில்லை. சந்தேகப்படுவது பாவமோ என்று மனசு உறுத்துகிறது.
– வாசகி, அம்மாபேட்டை

பாவமே இல்லை. ஆனால் யாரிடமும் கேட்கும் முன்னால், கன்றல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கட்டில் சட்டத்தில் லேசாக இடித்தாலே முன்கையிலும் புறங்கையிலும் கருஞ்சிவப்பாகப் படரும். அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. விழுந்தால் பெரும்பாலும் நெற்றி, முழங்கை, முழங்கால், இடுப்பு என்று எலும்பு துருத்திய இடத்தில்தான் அடிபடும். மேல்கையின் உட்புறம், காது, கழுத்து, உள்தொடை ஆகிய இடங்களில் கன்றியிருந்தால் வழுக்கி விழுந்த கதை பொருந்தாது. இரண்டு மேல்கையிலும் ஒரே உயரத்தில் விரல் அகலத்துக்குத் திட்டுகள் இருந்தால், இறுக்கிப் பிடித்துத் தூக்கியிருக்கலாம், உலுக்கியிருக்கலாம். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போலக் கோடு விழுந்திருந்தால், கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நிறத்தை வைத்து இது எத்தனை நாள் கன்றல் என்று கணக்குப் போடாதீர்கள். டாக்டராலேயே அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

வரவேற்பறையில் நல்ல புடவை கட்டி உட்கார வைத்த அம்மாவைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. “தலைக்கு எண்ணெய் வெச்சு நானே குளிப்பாட்டி விடறேன்” என்று சொல்லுங்கள். மகள் கேட்டால் மறுப்பது கடினம். காரணமில்லாமல் மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிக்கும்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இருபக்கம், குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்காததால் பெரும்பாலும் இது வருகிறது. அடிப்பதை விட இந்த மாதிரிப் புறக்கணிப்பைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் யாரும் எதையும் செய்ததாகத் தெரியாது.

போகிற போதெல்லாம் எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வறண்ட நாக்கு, கழற்றிக் கழுவாத பல்செட், வளர்ந்து சுருண்ட கால் நகம் எல்லாம் கணக்கில் வரும். ஏற்காட்டில் குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த ஸ்வெட்டர் அம்மா உடம்பில் இருக்கிறதா? பனிமூட்ட நாட்களில் துணி சரியாகக் காயாது. ஈரப் புடவையையே கட்டிவிடுகிறார்களா? போர்வைக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கை கால் சில்லென்று இருப்பது சகஜம், வயிறே சில்லென்று இருந்தால் ஆபத்து.

மாதத்தின் முதல் ஞாயிறு என்று உங்கள் நாள் அவர்களுக்கு மனப்பாடம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவது சிரமம்தான். ஆனாலும் ஒரு தடவையாவது வேலை நாளில், சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போங்கள்.

அம்மாவைத் தனியாக வெளித் திண்ணைக்கு அழைத்துப் போய், “கையில என்ன ஆச்சும்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். “யாராவது அடிச்சாங்களா?” என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்; பின்னால் அவர் சொன்னது செல்லாமல் போகலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, தேதி, நேரத்தோடு அன்றே எழுதிவையுங்கள். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் முகம் தெரிய ஒரு படமும், கன்றலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படமும் எடுங்கள்.

பிறகு இல்லத்திடம் எழுத்தில் கேளுங்கள்: எப்போது விழுந்தார், யார் பார்த்தார்கள், எந்த டாக்டர் பார்த்தார், எனக்கு ஏன் போன் வரவில்லை? கதை பொருந்தவில்லை என்றால் தாமதிக்காமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், சந்தேகத்தை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தப் பதிவின் நகலை, அதாவது ‘ஏ.ஆர். காப்பி’யைக் கேட்டு வாங்குங்கள். கன்றல் சில வாரத்தில் மறைந்துவிடும், அந்தக் காகிதம் நிற்கும்.

அப்பா இல்லத்தில் சேர்ந்ததிலிருந்து பகலெல்லாம் தூங்குகிறார். வயசாகிவிட்டது என்கிறார்கள்.
– வாசகர், ஆத்தூர்

வயது ஒரே மாதத்தில் கூடிவிடாது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது ஆகியவற்றாலும் இப்படி ஆகும். ஆகவே முதலில் ரத்தம், சிறுநீர் பரிசோதனை. கூடவே மருந்துச் சீட்டின் நகலை வாங்கி, அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுங்கள். சீட்டில் இல்லாத தூக்க மாத்திரையோ மனநோய் மாத்திரையோ இருந்தால், ஆள் பற்றாக்குறைக்காக அவரைத் தூங்க வைக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. கோபத்தில் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சில தூக்க மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நான் ஒரு இல்லத்தில் வேலை செய்கிறேன். ராத்திரியில் ஒரு பாட்டி எழுந்து நடக்கிறார் என்று கட்டிலோடு சேலையால் கட்டுகிறார்கள். சொன்னால் வேலை போய்விடும்.
– பெயர் வேண்டாம், சூரமங்கலம்

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கட்டப்பட்டவர் நழுவினால் அந்தச் சேலையே கழுத்தை இறுக்கும். தீப்பிடித்தால் அவரால் எழுந்து ஓட முடியாது. பெரியவர்கள் ராத்திரியில் எழுவது பெரும்பாலும் சிறுநீர், வலி, குளிர், பசி இவற்றில் ஒன்றுக்காக. படுக்கும் முன்னும் நடுராத்திரியிலும் பாத்ரூம் அழைத்துப் போவது, மெத்தையைத் தரையில் போடுவது, சின்ன விளக்கு எரிய விடுவது ஆகியவற்றை முதலில் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அவர் செவிசாய்க்கவில்லை என்றால் 14567க்குக் கூப்பிடுங்கள். முதியோருக்கான இந்த உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பராமரிக்க ஒப்பந்தப்படி கடமைப்பட்டவர் இயலாதவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 357வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

இல்லத்தின் மீதான புகாரை ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) கொடுப்பதா, கலெக்டரிடமா?
– வாசகர், ஓமலூர்

2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்பு மற்றும் நலச் சட்டப்படி ஆர்.டி.ஓ. தலைமையில் இயங்கும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்பதற்கானது. இல்லத்தின் மீதான புகாரைக் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் எதற்கும் காத்திராமல் 112. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். பெரியவரை அங்கிருந்து அழைத்து வருவதாக இருந்தால், ஆதார், வங்கிப் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, மருந்துச் சீட்டுகளை முதலில் கையில் வாங்குங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டு, கடைசி ஆறு மாதத்தில் யார் பணம் எடுத்தார்கள் என்று வங்கியில் கேளுங்கள்.