மாடியிலிருந்து விழுந்த பூனை எழுந்து நடக்கிறது, வெளியே காயமும் இல்லை. காலை வரை பார்க்கலாமா?

வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். கிளம்பும் முன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்து, காதும் பாதமும் சில்லிட்டிருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் இன்னும் அவசரம். நெஞ்சில் அடிபட்டிருக்கலாம், உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கிழிந்து குடலும் ஈரலும் நெஞ்சுக்குள் ஏறியிருக்கவும் கூடும். மல்லாக்கப் போட்டு வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எங்கள் வீட்டுச் சாம்பல் பூனை. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தது, எழுந்து நடந்தது, கொஞ்சம் மூத்திரமும் போனது. சரி, தப்பித்துவிட்டது என்று நாங்களும் இருந்துவிட்டோம். மறுநாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வாந்தி. கட்டிலுக்கு அடியில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஸ்கேனில் வயிறு முழுக்க நீர். டாக்டர் ஊசி போட்டு எடுத்த நீர் மஞ்சளும் சிவப்பும் கலந்து இருந்தது. அதிலும் ரத்தத்திலும் கிரியேட்டினின், அதாவது மூத்திரத்தில் வெளியேறும் கழிவு, எவ்வளவு என்று பார்த்தார்கள். ரத்தத்தைவிட நீரில் இரண்டு மடங்குக்கு மேல். மூத்திரப்பை கிழிந்திருந்தது. பை கிழிந்தாலும் பூனை மூத்திரம் போகும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

உடனே ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். செய்யவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறியிருந்தது, அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயம் நின்றுவிடலாம் என்றார் டாக்டர். டிரிப்ஸ், வலி ஊசி, உடம்புக்குச் சூடு, மூத்திரத்தை வெளியேற்ற ஒரு குழாய். மறுநாள்தான் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டது.

மூடியுள்ள அட்டைப்பெட்டியில் காற்றுப் போக ஓட்டை போட்டு, துண்டு விரித்துப் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். சாப்பாடு, பால் எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, அரை மாத்திரையே உயிரை எடுக்கும்.

நாய் கடித்திருந்தாலும் இதேதான். தோலில் இரண்டு சின்னப் பல் ஓட்டை தெரியும், உள்ளே தசையும் குடலும் நசுங்கியிருக்கும்.

அப்புறம், முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றாலும் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கசிவு மெதுவாக இருந்தால் நீர் சேரவே நேரமாகும்.