தத்துவம், அறம், நற்பண்பு இதெல்லாம் இன்றைய வாழ்க்கைக்கு உதவுமா?

நீங்கள் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர், யாரோ உபதேசம் பண்ணி நொந்துபோய் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் 34 வயது வரை இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தத்துவத்தில் பட்டம் வாங்கியவன் இல்லை, கணக்கு வழக்கு பார்க்கிறவன். தப்பிருந்தால் சொல்லுங்கள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்பிய எக்செல் தாளில் ஒரு நெடுவரிசை முழுக்கப் பழைய மாதத்து விகிதம் போய்விட்டது. அதை காப்பி பண்ணிப் போட்டது நான். அனுப்பி வைத்தது சேர்ந்து நாலு மாதமே ஆகியிருந்த ஒரு பெண். மீட்டிங்கில் மேலாளர், "இதை யார் பார்த்தது?" என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பில் எதையோ தேடுகிறவன் மாதிரி கீழே கீழே போய்க்கொண்டிருந்தேன். திரையில் வெறும் காலிக் கட்டங்கள்தான் ஓடின, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "நான்தான் சார், சாரி" என்றார் அவர். எல்லாம் சேர்த்து மூன்று நொடி இருக்கும்.

பதினோரு நாள் கழித்து மேலாளரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொன்னேன். "விடுங்க, அது முடிஞ்சு போச்சு" என்றார். ஆனால் அதற்குள் அந்தப் பெண்ணை வேறு டீமுக்கு மாற்றியிருந்தார்கள். அவரிடமும் போய்ச் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த மூன்று நொடியில் எனக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். பொய் கூடாது என்ற விதி எனக்குத் தெரியாததா? ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் உங்கள் நண்பனைத் தேடி வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்கிற அளவுக்குப் போகிறார். ஒரு செயல் சரியா தப்பா என்பதை அதன் விளைவை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்ற பெந்தாம், மில் என்கிற ஆங்கிலேயத் தத்துவவாதிகள் வழியில் கணக்குப் பார்த்தாலும், எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு திட்டு, அந்தப் பெண்ணுக்குப் போனது சேர்ந்த புதிதில் எடுத்த நல்ல பெயர். கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் விதியும் வரவில்லை, கணக்கும் வரவில்லை, கண் தானாகக் கீழே போய்விட்டது.

இதற்கு எனக்குப் பிடிபடுகிற மாதிரி பதில் சொன்னவர் பழைய கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டில்தான். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் வீடு கட்டத் தெரிந்தவர் ஆகிறார், அதேபோல நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயமானவர் ஆகிறார் என்கிறார். பலரும் சொல்லாமல் விடுகிற இன்னொரு பாதியும் அங்கேயே இருக்கிறது: மோசமாகக் கட்டிக் கட்டி மோசமான ஆளாகவும் ஆகலாம். எனக்கு உறைத்தது அந்தப் பாதிதான். "மெயில் பார்க்கல", "இப்பத்தான் கிளம்பினேன்", "சிக்னல் இல்ல" என்று பத்து வருடமாகத் தினமும் நான் பயிற்சி எடுத்திருக்கிறேன். மீட்டிங்கில் அந்தப் பயிற்சி வேலை செய்தது.

நம் ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று உண்டே, "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்". அதன் கடைசி வரி நட்பும் தகையும் கொடையும் பிறவிக் குணம் என்று முடியும். அதாவது படிப்பு பழக்கத்தில் வரும், குணம் கூடவே பிறக்கும். இந்த ஒரு இடத்தில் நான் பாட்டியோடு சண்டை போடுவேன். குணம் பிறவியிலேயே முடிவாகிவிட்டது என்றால், நான் அந்தப் பெண்ணுக்குச் செய்தது என் ஜாதகம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி வேண்டாம்.

இப்போது சிலர் வருவார்கள் என்று தெரியும். அரிஸ்டாட்டில் அடிமை முறையை நியாயப்படுத்தியவர் என்பார்கள். ஆமாம், நியாயப்படுத்தினார், அது தப்பு, அதைத் தப்பு என்று சொல்லிக்கொண்டே மற்றதை எடுத்துக்கொள்ள முடியும். இன்னும் விவரம் தெரிந்தவர்கள் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். இறையியல் மாணவர்களை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், வழியில் ஒருவர் முடியாமல் சரிந்து கிடந்தார். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், ரொம்ப அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். ஆகவே குணம் என்று ஒன்று கிடையாது, சூழ்நிலைதான் எல்லாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. என்னைக் கெடுப்பது அவசரமும் பயமும்தான் என்று தெரிந்தால், பழக வேண்டியதும் அவை இரண்டும் இருக்கும்போதுதான், சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்போது இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. "திரும்பத் திரும்பச் செய்வதே நாம்" என்ற வாசகத்தை அரிஸ்டாட்டில் படத்தோடு போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறார்களே, அது அவருடையது இல்லை. அவர் கருத்தைச் சுருக்கி அமெரிக்க எழுத்தாளர் வில் டுராண்ட் 1926-இல் எழுதிய வரி அது. திருத்திச் சொன்னால், "கருத்து நல்லதுதானே, யார் சொன்னா என்ன?" என்கிறார்கள். ஒருவர் உழைத்து எழுதியதை இன்னொருவர் பெயரில் போடுவது எப்படி நல்ல கருத்தாகும் என்று எனக்குப் புரியவே இல்லை. குடும்பக் குரூப்பில் இதற்காக இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு உதவியது, உதவுகிறது. பெரிய வீரம் எதுவும் வந்துவிடவில்லை. நேற்று ஒருவர் போன் பண்ணி, "மெயில் பார்த்தீங்களா?" என்றார். "பார்த்தேன், பதில் எழுதாம தள்ளிப் போட்டுட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, நாளைக்குள்ள அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.