மான்செஸ்டர் சட்டையைப் பெட்டியில் வைக்காதே

தம்பி, ரஷ்யாவின் வோல்கோகிராடில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். குளிர், விடுதி, சாப்பாடு, பாதுகாப்பு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் "நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன், அங்கே உள்ளூர்க் கால்பந்து அணி ஏதாவது உண்டா?" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். குளிர் பழகிவிடும்; ஜூலை வெயில்தான் உன்னை ஏமாற்றும், சில நாள் 40 டிகிரி. அரிசி கிடைக்கும், புளி கொண்டு வா. வெளியே போனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சில இரவுகளில் ட்ரோன் பயத்தில் விமான நிலையத்தை மூடுவார்கள், பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள். இன்னொன்று, இதை மட்டும் இரண்டு தடவை படி: நல்ல சம்பளம், சுலபமான வேலை என்று யாராவது ரஷ்ய மொழிக் காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதே. அப்படிப் போட்டுவிட்டுப் போர்முனையில் போய் நின்ற நம் நாட்டுப் பையன்கள் இருக்கிறார்கள்.

சரி, அணிக்கு வருவோம். பெயர் ரோட்டோர்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டைதான் தெரியும், கால்பந்து அவ்வளவாகத் தெரியாது. 1995 செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து ஒரு பகல், ஓர் இரவு ரயிலில் வந்து இறங்கினேன். ஆள் வந்து கூட்டிப்போவான் என்று சொல்லியிருந்த ஏஜெண்டின் ஆளைக் காணோம். (இப்போதும் சில ஏஜெண்டுகள் அப்படித்தான். பணம் வாங்கும்வரை "தம்பி, தம்பி", அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள்.) பெட்டியை இழுத்துக்கொண்டு விலாசம் விசாரித்து விடுதிக்குப் போனால், அங்கே கமெந்தாந்த் அம்மாள், அதாவது விடுதிப் பொறுப்பாளர், சாவியைத் தர மாட்டேன் என்கிறார். ரேடியோவில் காதை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். ஆட்டம் முடிந்த பிறகுதான் எனக்குப் படுக்கை. அன்றைக்கு உள்ளூரில் ரோட்டோருக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ஐரோப்பிய அணிகள் ஆடும் யூஇஎஃப்ஏ கோப்பை ஆட்டம். 0-0.

இரண்டு வாரம் கழித்து மான்செஸ்டரில் அடுத்த ஆட்டம். விடுதித் தாழ்வாரத்தில் ஒரே ஒரு டிவி, முப்பது பேர். 24 நிமிடத்துக்குள் நீடர்ஹவுஸ் ஒன்று, வெரெத்தென்னிக்கோவ் ஒன்று, ரோட்டோர் 2-0. பிற்பாதியில் ஸ்கோல்ஸ் ஒன்று திருப்பினார். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அவர்களுடைய கோல்கீப்பர் ஷ்மைக்கேல் இந்தப் பக்கம் ஓடிவந்து தலையால் முட்டி 2-2 ஆக்கினார். கமெந்தாந்த் அம்மாள் செருப்பைக் கழற்றி டிவி மேல் எறிந்தார். ஆனாலும் இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமானால் எதிராளி ஊரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் கணக்கில் ரோட்டோர் மேலே போனது, மான்செஸ்டர் வீட்டுக்குப் போனது. மறுநாள் சந்தையில் ஒரு தர்பூசணிக்காரர் காசு வாங்க மறுத்தார். முன்பின் தெரியாதவர். இந்த ஊர் என்னைச் சேர்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஆகவே அந்தச் சிவப்புச் சட்டையோடு இறங்காதே. யாரும் அடிக்க மாட்டார்கள், கதை சொல்வார்கள். அரைமணி நேரம் போய்விடும்.

கதை 1929-லிருந்து ஆரம்பிக்கும். அப்போது ஊர் ஸ்டாலின்கிராட். டிராக்டர் தொழிற்சாலை கட்ட வந்த தொழிலாளர்கள் சேர்த்த அணி இது, பல வருடம் பெயரே 'டிராக்டர்'தான். 1939-ல் சோவியத் லீகில் நான்காம் இடம். அப்புறம் யுத்தம். 1943 பிப்ரவரி 2-ல் சண்டை ஓய்ந்தது. சரியாக மூன்று மாதம், மே 2-ல், ஊரே கல்லும் கம்பியுமாகக் கிடக்கும்போது, தெற்கே பெகெதோவ்காவில் ஓரளவு தப்பிய மைதானத்தைச் சீர்செய்து, மாஸ்கோவின் ஸ்பார்டக் அணியை வரவழைத்து ஆடினார்கள். பழைய டிராக்டர் ஆட்டக்காரர்களில் மிஞ்சியவர்கள் டைனமோ பெயரில் இறங்கி 1-0 ஜெயித்தார்கள். சோறு இல்லாத ஊரில் பந்தா என்று நானும் ஒருமுறை கேட்டேன். கமெந்தாந்த் அம்மாள் அரை நாள் என்னோடு பேசவில்லை.

ரோட்டோர் என்ற பெயர் 1975-ல் வந்தது. மெட்ரோ டிராமில் ஏறி வடக்கே போனால் 'டிராக்டர் தொழிற்சாலை' நிறுத்தம் இன்னும் இருக்கிறது. தொழிற்சாலைதான் இல்லை.

இங்கே ஐந்தாறு வருடம் இருந்துவிட்டு "எவ்வளவு" என்ற ஒரு சொல்லோடு திரும்பிப் போகிற நம் பையன்களைப் பார்த்தால் எனக்கு எரியும். எட்டுப் பேர் ஒரே அறையில், ஒரே குக்கரில் சாம்பார், ஒரே போனில் ஊர்ப் படம். அப்புறம் லண்டனில் உட்கார்ந்துகொண்டு "ரஷ்யாவில் பட்ட பாடு" என்று பேசுவார்கள். நான் ரஷ்ய மொழி கற்றது வகுப்பில் பாதி, கேலரியில் பாதி. கேலரியில் கற்றதை நோயாளியிடம் பேச முடியாது, அது வேறு விஷயம். ஆனால் நோயாளி பேசுவது புரியும். வீட்டுக்காரியும் அப்படித்தான் கிடைத்தாள். இதே மாகாணத்துக் கமீஷின்காரி. அந்தச் சின்ன ஊரின் நெசவாலை அணி 1994-ல் ஐரோப்பியக் கோப்பை ஆடியதை இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

பிறகு இறங்குமுகம். 2004-ல் கடைசி இடம், அடுத்த வருடம் உரிமமே கிடைக்கவில்லை. மூடினார்கள், திறந்தார்கள். 2018 உலகக் கோப்பைக்காக மாமயெவ் குன்றின் கீழே 45,000 பேர் உட்காரும் மைதானம் வந்தது. தோண்டும்போது யுத்தகால வெடிகுண்டுகள் அகப்பட்டன. அவ்வளவு பெரிய மைதானத்தில் ஆட நல்ல அணி இல்லை. 2020-ல் மேல் லீகுக்கு ஏறினார்கள், ஒரே வருடத்தில் இறங்கினார்கள், அதற்கடுத்த வருடம் இன்னும் ஒரு படி கீழே. 2024-ல்தான் இரண்டாம் நிலைக்குத் திரும்பினார்கள். நான் இன்னும் போகிறேன். நீல நிறத் துண்டு ஒன்று வாங்கிக்கொள். ஸ்பார்டக்கின் சிவப்பு-வெள்ளை மட்டும் வேண்டாம், அது மான்செஸ்டர் சட்டையை விட மோசம்.

காரணம் 1997. 1993-லேயே ஸ்பார்டக்குக்குப் பின்னால் இரண்டாம் இடம். 1997-ல் கடைசி ஆட்டம், இதே ஊரில், அதே ஸ்பார்டக்கோடு. ஜெயித்தால் பட்டம் நமக்கு. வெரெத்தென்னிக்கோவ் அந்த வருடம் 22 கோல் போட்டிருந்தார். அப்படிப்பட்டவரைத் தேசிய அணியில் சொற்ப ஆட்டங்களே ஆடவிட்டார்கள், மாஸ்கோக்காரராக இருந்தால் விட்டிருப்பார்களா? அது போகட்டும். நவம்பர் குளிர், இடமில்லாத கேலரி. கமெந்தாந்த் அம்மாளும் நானும். கையில் செய்தித்தாள் கூம்பில் சூரியகாந்தி விதை, நம் ஊர் வேர்க்கடலைப் பொட்டலம் மாதிரியே இருக்கும். ஸ்பார்டக் முதல் கோல் போட்டதும் அவர் கொறிப்பதை நிறுத்தினார். இரண்டாவது விழுந்ததும் பொட்டலத்தின் வாயை மடித்து என் கோட்டுப் பையில் திணித்தார்.

0-2. விடுதி வரை நடந்தே போனோம். டிராமில் ஏறினால் யாராவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்கள் என்று அவருக்குப் பயம்.