திறக்கும் வாசல் தடுப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் வசிக்கும், க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி. மூளையில் நிரோதச் (அதாவது, தடுக்கும்) சமிக்ஞையைக் கடத்தும் பதார்த்தம் காபா என்று படித்தோம். அண்ணாவின் கணினியில், புரதங்களின் முப்பரிமாண அமைப்பைக் காட்டும் கைமெராஎக்ஸ் மென்பொருளை நிறுவி, காபாவும் பதற்றம் தணிக்கும் டயசிபாம் மருந்தும் ஒட்டியிருக்கும் வாங்கிப் புரதத்தை (நரம்புக் கலச் சவ்வில் காபாவை ஏற்று, தன் நடுத்துளையின் வாசலைத் திறக்கும் புரதம்) இரண்டு கிழமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து வருகிறேன். மூன்று விடயங்கள் விளங்கவில்லை. வாசலைத் திறந்துவிடும் ஒரு மூலக்கூறு எப்படித் தடுப்பை உண்டாக்கும்? காபா ஒட்டியிருந்தும் துளையின் அடிப்பகுதி ஒடுங்கியே தெரிவது ஏன்? வாங்கிக்கு ஐந்து உப அலகுகள் என்று புத்தகம் சொல்லும்போது, படத்தில் ஆறாவதாக ஒரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?

பதில்: மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது தெளிந்தால் மற்ற இரண்டுக்கும் வழி பிறக்கும். நீங்கள் திறந்திருப்பது, புரதத் தரவு வங்கியில் 6எச்யுபி (6HUP) என்ற குறியுடன் உள்ள அமைப்பு என்று உங்கள் விவரிப்பிலிருந்து கொள்கிறேன். 2019 ஆம் ஆண்டில் வெளியான இந்த மனித வாங்கியின் அமைப்பு, புரதத்தை மெல்லிய பனிப்படலத்தில் உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படமெடுத்துப் பெறப்பட்டது. இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. பனியில் உறையும் புரதங்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டால், எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்த்த முழு உருவத்தைக் கட்டியெழுப்ப முடியாது. அதனால், ஒட்டக இனத்து விலங்குகளின் பிறபொருளெதிரியிலிருந்து பெறப்பட்ட சிறு துண்டொன்றைப் பெரிய புரதமொன்றுடன் இணைத்து, 'மெகாபொடி' என்ற பெயரில் வாங்கியின் வெளிப்புறத்தில் ஒட்டவைத்தார்கள். நீங்கள் கண்ட ஆறாவது புரதம் அதுதான். உங்கள் மூளையில் அது இல்லை. அமைப்பைத் திறப்பதற்கு முன், தரவு வங்கியில் அதற்குரிய பக்கத்தை வாசித்து, எந்தச் சங்கிலி எந்தப் புரதம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பதெல்லாம் உடலில் இருப்பவை அல்ல, உடலில் இருப்பவை எல்லாம் படத்தில் இருப்பதும் இல்லை. கலத்தின் உட்புறமாகத் தொங்கும் நீண்ட வளையங்கள் நிலையான வடிவமின்றி அசைந்துகொண்டிருப்பதால் இந்த அமைப்பில் தெரியாமற் போயிருக்கின்றன.

இனி மெகாபொடியை மறைத்துவிட்டு, எஞ்சிய ஐந்து சங்கிலிகளுக்கும் தனித்தனி நிறம் கொடுங்கள். இரண்டு அல்பா, இரண்டு பீற்றா, ஒரு காமா. ஐந்தும் நடுவில் ஒரு துளையை விட்டு வட்டமாக நிற்கும். காபாவைத் தேடிப் பிடிப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும், ஏனெனில் ஐதரசன்களை விட்டால் அதில் இருப்பவை ஏழே ஏழு அணுக்கள். பீற்றாவும் அல்பாவும் சந்திக்கும் இரண்டு இடுக்குகளில் அது ஒடுங்கிக் கிடக்கும். அதன் நேரேற்றமுள்ள அமைன் முனையை வளைய வடிவான பக்கச்சங்கிலிகள் சூழ்ந்திருப்பதையும், எதிரேற்றமுள்ள மறு முனையை ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்று பற்றியிருப்பதையும் பாருங்கள். டயசிபாம் அந்த இடங்களில் இருக்காது. அல்பாவும் காமாவும் சந்திக்கும் வேறோர் இடுக்கில் அதன் இருப்பிடத்தைக் காண்பீர்கள். வழக்கமான அளவில் அந்த மருந்து தானாக வாசலைத் திறப்பதில்லை, காபா திறக்கும் தடவைகளை அதிகரிக்கிறது என்று பாடத்தில் வரும் கூற்றுக்கு இந்த இரண்டு இடங்களும் வெவ்வேறாக இருப்பதே கண்முன்னுள்ள சான்று. பிறகு, மென்பொருளின் தூரம் அளக்கும் கருவியால் காபாவிலிருந்து துளையின் நடுப்பகுதி வரை அளந்து பாருங்கள். ஐம்பது அங்ஸ்ட்ரோம் (ஓர் அங்ஸ்ட்ரோம் என்பது மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு) அளவில் வரும். இவ்வளவு சிறிய மூலக்கூறு, தன் நீளத்தைப் போலப் பல மடங்கு தொலைவிலுள்ள வாசலை அசைக்கிறது என்பதை எந்த வரைபடமும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை.

முதலாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு விடை உங்கள் திரையில் இல்லை, அதனால் சிறிது நேரம் கணினியை மூடிவிட்டுத் தாளும் பேனாவும் எடுங்கள். இந்த வாசலின் வழியே பெரும்பாலும் செல்வது குளோரைட்டு அயன். வளர்ந்த நரம்புக் கலமொன்றின் உள்ளே குளோரைட்டுச் செறிவு 7 மில்லிமோலார், வெளியே 120 மில்லிமோலார் என்று கொள்வோம். உள்செறிவை வெளிச்செறிவால் வகுத்து, பத்தின் அடியில் மடக்கை எடுத்து, உடல் வெப்பநிலைக்குரிய 61 ஆல் பெருக்கினால், குளோரைட்டு சமநிலை அடையும் மின்னழுத்தம் ஏறத்தாழ −75 மில்லிவோல்ட்டு என்று வரும். கலத்தின் ஓய்வழுத்தம் −70 அளவிலும், கணத்தாக்கம் (நரம்பு அனுப்பும் மின் சமிக்ஞை) புறப்படுவதற்கு வேண்டிய அழுத்தம் −55 அளவிலும் இருப்பதால், வாசல் திறந்ததும் கலம் −75 ஐ நோக்கி இழுக்கப்படுகிறது. அயல் நரம்பொன்று அதே வேளையில் தூண்டினாலும், உள்ளே வரும் நேரேற்றத்தை இந்தத் திறந்த வாசலால் நுழையும் குளோரைட்டு ஈடுசெய்துவிடுகிறது. தம்பலகாமத்து வயலில் வாய்க்கால் தண்ணீர் எவ்வளவு வந்தாலும், வரம்பில் வக்கடையைத் திறந்து விட்டிருந்தால் வயலின் நீர்மட்டம் உயராதல்லவா? இங்கேயும் தடுப்பது திறந்த வாசல்தான்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே கணக்கில் உள்ளேயுள்ள செறிவை 25 என்று மாற்றுங்கள். சமநிலை அழுத்தம் −42 அளவுக்கு ஏறிவிடும், அது −55 ஐ விட மேலே இருக்கிறது. இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. வளர்ச்சியின் தொடக்க நிலையில் உள்ள எலிகளின் நரம்புக் கலங்களில் குளோரைட்டை உள்ளே கொண்டுவரும் காவிப் புரதம் மேலோங்கியும், வெளியேற்றும் காவிப் புரதம் குறைவாகவும் இருப்பதால், அங்கே காபா கலத்தைத் தூண்டும் பக்கமாகவே நகர்த்துகிறது. காபாவும் அதேதான், அது திறக்கும் துளையும் அதே குளோரைட்டுத் துளைதான், ஆனால் விளைவு மாறிவிடுகிறது. ஆகவே, நிரோதம் என்பது காபா என்ற மூலக்கூறின் குணமும் அல்ல, வாங்கியின் வடிவத்தின் குணமும் அல்ல. துளையின் இரு புறத்திலும் அயன்கள் எந்தச் செறிவில் நிற்கின்றன என்பதில்தான் அது தங்கியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் அசைவுப் படங்கள் பலவற்றில், காபா வந்து ஒட்டியதும் கலம் நிறம் மங்கி உறங்குவது போலக் காட்டுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருந்தாலும், மாணவர்களின் மனத்தில் தவறான எண்ணத்தை ஊன்றிவிடும் என்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

துளையின் அடி ஒடுங்கியிருப்பதைக் கவனித்ததற்காக உங்களைப் பாராட்டுகிறேன், பலர் இதைக் காணாமலே கடந்துவிடுகிறார்கள். உங்கள் கண்ணும் தவறவில்லை, புத்தகமும் தவறவில்லை. துளையில் இரண்டு இடங்கள் வாசலாக அமைகின்றன. நடுவில் லியூசின் என்ற அமினோ அமிலங்களாலான வளையம் ஒன்று, கலத்தின் உட்புறத்தை அண்டிய அடிப்பகுதியில் இன்னொன்று. காபா வந்ததும் நடு வாசல் திறக்கிறது. காபா நெடுநேரம் விலகாமல் இருந்தால் அடி வாசல் ஒடுங்கி, குளோரைட்டு செல்வது நின்றுவிடுகிறது. இந்த நிலையை உணர்ச்சி தணிந்த நிலை என்று சொல்லலாம். நரம்பிணைப்பில் காபா சில மில்லிசெக்கன்களில் அகன்றுவிடும். ஆனால், உறையவைத்த மாதிரியில் புரதம் காபாவுடனேயே கலந்து கிடந்ததால், படம் பிடித்த கணத்தில் அகப்பட்டது தணிந்த நிலைதான். அமைப்பு என்பது ஓடும் ஆற்றின் ஒரு கணத்துப் படம். அதே ஆய்வுக் குழு, காபா இல்லாமல் பிக்ரோடொக்சின் என்ற நஞ்சு துளையை அடைத்துக் கிடக்கும் நிலையையும் வெளியிட்டிருக்கிறது. அதன் குறி 6எச்யுஜி (6HUG). இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி நடு வாசலை மட்டும் பாருங்கள். பத்து அமைப்புகளை ஒரே மாலையில் புரட்டுவதிலும் பார்க்க இது உங்களுக்குக் கூடுதலாகக் கற்றுத்தரும்.

கேள்வி: மூதூரில் உயிரியல் கற்பிக்கிறேன். நோய் எதிர்ப்புக் கலங்களை அடக்கும் பி.டி.-1 வாங்கி, அதனுடன் இணையும் பி.டி.-எல்1 ஆகியவற்றின் அமைப்பை மாணவர்களுக்குக் காட்டினேன். இரண்டு புரதங்கள் தொட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது, ஆனால் "இதில் தடுப்பு எங்கே, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டதற்கு என்னால் விடை சொல்ல இயலவில்லை.

பதில்: மாணவனின் கேள்வி மிகச் சரியானது. 2015 இல் வெளியான அந்த அமைப்பில் இருப்பவை இரு புரதங்களினதும் கலத்துக்கு வெளியேயுள்ள பகுதிகள் மட்டுமே. 288 அமினோ அமிலங்களாலான பி.டி.-1 இன் சவ்வைக் கடக்கும் பகுதியும், உள்ளே தொங்கும் வாலும் அதில் இல்லை. தடுப்பு தொடங்குவது அந்த வாலில்தான். அங்கே 223 ஆம், 248 ஆம் இடங்களிலுள்ள தைரோசின்களில் பொஸ்பேட்டு ஏறியதும், எஸ்.எச்.பி.-2 என்ற நொதியம் வந்து ஒட்டுகிறது. பின்பு அது அயலிலுள்ள தூண்டற் புரதங்களில் ஏறியிருக்கும் பொஸ்பேட்டுகளை அகற்றிவிடுகிறது.

ஆகவே வகுப்பில் இன்னுமோர் அமைப்பையும் திறந்து காட்டுங்கள். எஸ்.எச்.பி.-2 இன் அமைப்பு 1998 இல் வெளியானது, அதன் குறி 2எஸ்எச்பி (2SHP). அந்த நொதியத்தின் முன்பகுதி மடிந்து வந்து தன் சொந்த உயிர்ப்பு மையத்தையே அடைத்துக்கொண்டிருப்பதை மாணவர்கள் நேரில் காணலாம். பி.டி.-1 இன் வாலிலுள்ள பொஸ்பேட்டுத் தைரோசின்களைப் பற்றும்போது அந்த முன்பகுதி விலகி, மையம் வெளிப்படுகிறது. பி.டி.-1 ஐ ஜப்பானிய விஞ்ஞானி தஸுக்கு ஹொஞ்ஜோவின் குழு 1992 இல் கண்டறிந்ததையும், அவரும் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசனும் 2018 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றதையும் அப்போது சொல்லலாம். அதன்பின், பெம்பிரோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து பி.டி.-1 உடன் ஒட்டியிருக்கும் அமைப்பை (5ஜிஜிஎஸ், 5GGS), முதலில் காட்டிய அமைப்பின்மேல், ஒன்றிலுள்ள பி.டி.-1 மற்றதிலுள்ள பி.டி.-1 உடன் பொருந்துமாறு வையுங்கள். மருந்தும் பி.டி.-எல்1 உம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மோதுவது திரையில் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டும் அங்கே இருக்க முடியாது என்பதை அந்த மாணவனையே சொல்லவிடுங்கள்.