ஆறாம் படிவத்தில் 4.00-க்கு 3.92 எடுத்திருக்கிறேன். என் புறப்பாட நடவடிக்கைகள் மருத்துவப் படிப்புக்குப் போதுமா?

தங்கச்சி, உங்கள் கடிதத்தையும் அதில் இருந்த நடவடிக்கைப் பட்டியலையும் படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. யூபியூ (மலேசிய அரசு பல்கலைக்கழகங்களுக்கான மாணவர் சேர்க்கைப் பிரிவு) போடும் கணக்குக்குப் போதுமா என்பது ஒன்று, நேர்முகத் தேர்வுக்குப் போதுமா என்பது இன்னொன்று. பதில்கள் வேறு வேறு.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அரசு பல்கலைக்கழக நுழைவுக்குத் தேர்வு முடிவு 90 விழுக்காடு, புறப்பாடம் 10. உங்கள் 3.92-ஐ நான்கால் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 88.2 வரும். நேர் 4.00 எடுத்தவருக்கு 90. ஆக, வித்தியாசம் 1.8 தான். அவருக்குப் புறப்பாடத்தில் 7, உங்களுக்கு 9 என்றால் மயிரிழையில் நீங்கள் முன்னே நிற்பீர்கள். அவரும் 9 வைத்திருந்தால் அந்த 1.8 அப்படியே நிற்கும், மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் 4.00 காரர்களுக்குப் பஞ்சமில்லை. எனவே கையில் இருக்கும் மதிப்பெண் எத்தனை என்று பள்ளியில் புறப்பாடப் பொறுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதவியும் போட்டியின் நிலையும்தான் புள்ளியை ஏற்றும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி அமைப்பின் செயலாளர், இந்து சங்கப் பொருளாளர் இரண்டும் நல்ல பதவிகள். பூப்பந்து பள்ளி அளவோடு நின்றுவிட்டது என்கிறீர்கள், அங்கேதான் கொஞ்சம் இளைத்திருக்கிறது. வெறும் பங்கேற்புச் சான்றிதழ்களை எத்தனை அடுக்கினாலும் பெரிதாக எதுவும் நகராது.

ஆய்வுக்கூட அனுபவம் இல்லை, மருத்துவர் பின்னால் நின்று பார்த்த மணிநேரம் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அது அமெரிக்கக் கவலை. அங்கே பொதுவாக ஒரு பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி. விண்ணப்பத்தில் 15 நடவடிக்கைகள் வரை எழுத இடம் இருக்கிறது, அதில் மூன்றை முக்கியமானவை என்று குறித்து விரித்து எழுதலாம். 22 வயதுக்காரரின் பட்டியலை 19 வயதில் உங்கள் மேல் ஏன் ஏற்றிக்கொள்கிறீர்கள்?

சரி, நேர்முகத் தேர்வு. நான் இப்போது கோலாலம்பூரில் மருத்துவராக இருக்கிறேன், சில வார இறுதிகளில் நம் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்துவேன். கனமான கோப்போடு வருபவர்கள் பலர் இரண்டாவது கேள்வியிலேயே திணறுகிறார்கள். ‘ரத்த தான முகாம் நடத்தினேன்’ என்பார்கள். தானம் செய்ய வந்தவர்களில் யாரைத் திருப்பி அனுப்பினார்கள், ஏன் என்று கேட்டால் மௌனம். படம் எடுக்கும்போது மட்டும் அங்கே இருந்திருப்பார்கள் போல! நான் சொல்லும் சோதனை இதுதான்: ஒரு நடவடிக்கையைப் பற்றி, சான்றிதழைப் பார்க்காமல், மூன்று நிமிடம் பேச முடிகிறதா? எது தப்பாகப் போனது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், யாரைக் கூப்பிட்டீர்கள் என்றெல்லாம்.

அப்படிப் பார்த்தால் பத்துமலை தைப்பூசத்தில் செய்த முதலுதவிப் பணிதான் உங்கள் பட்டியலிலேயே உருப்படியானது. 272 படி, வெயில், விரதத்தோடு ஏறுகிறவர்கள். மயங்கியவருக்கு நீங்கள் எதைச் செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்து சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம், கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பாட்டியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், தாதியர் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்வது நீங்கள்தான் என்று. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல. இதற்கு யூபியூவில் ஒரு புள்ளியும் கிடையாது. ஆனால் நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் காரணம் நீரிழிவு, அது ஒரு வீட்டை எப்படி ஆட்டிவைக்கிறது என்று உள்ளிருந்து பார்த்திருக்கிறீர்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னால் பாட்டி ஏன் கேட்பதில்லை? ‘ஏன் மருத்துவம், ஏன் தாதிமை இல்லை’ என்ற கேள்வி கட்டாயம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலை அங்கிருந்து தேடுங்கள். பாட்டியிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள், அனுதாபம் தேடுகிற குரல் மட்டும் வேண்டாம்.

பொருளாளர் பதவியை நீங்களாக இழுக்காதீர்கள். கேட்டால், ரசீது தொலைந்து கணக்கு இடித்த கதை ஏதாவது இருக்கும், அதைச் சொல்லுங்கள்.